பொன்னுருவி வருவாளா?

2025 நவம்பர் 4
செய்யாறு பக்கத்துக் கூத்து ஜமாவைத் தில்லிக்கு அழைப்பதென்று வாய் விட்டுவிட்டேன். பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். மார்கழியில்தான் ஓய்வு. அப்போது இங்கே குளிர், புகை. முகவீணைக்காரரை இந்தக் காற்றிலா ஊத வைப்பது?

நவம்பர் 5
தூக்கமில்லை.

நவம்பர் 12
ஆர்.கே.புரம் அரங்கம் இரண்டு மணி நேரம்தான் கிடைக்குமாம். விடிய விடிய ஆடுகிற கர்ண மோட்சத்தை எங்கே வெட்டுவது? பொன்னுருவி தர்க்கத்தை எடுத்துவிடலாம் என்றார் உடனிருந்த நண்பர். போருக்குப் போகுமுன் விடைபெற வருகிற கர்ணனை, குலம் தெரியாதவன் என்று கதவடைக்கிறாள் மனைவி. அதை எடுத்தால் மிச்சம் வெறும் அம்புச் சண்டை. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 23
நரேலா. போகும்போதே மனம் சரியில்லை. கூத்துக்கு வருவார்கள் என்று நான் நம்பியிருந்தது ஜங்புரா மதராசி கேம்ப் ஜனங்களை. பாராபுல்லா வடிகால் கரையில் சுமார் 370 வீடுகள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஜூன் 1 அன்று இடித்தார்கள். ஒரு பகுதியினருக்குத்தான் இங்கே, நகரத்தின் வட கோடியில், அடுக்குமாடி வீடு.

விழுப்புரம் பக்கத்து அம்மா ஒருவர் மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வேலை இன்னமும் ஜங்புராவில்தான்.

"நாலரைக்கு எழுந்தாத்தான் சார் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். ஆர்.கே.புரத்துல வெச்சீங்கன்னா ராத்திரி எப்படித் திரும்பறது? எங்க அக்காவுக்கு வீடே கெடைக்கல. காயிதத்துல பேரு சரியில்லையாம். கல்யாணம் ஆனதுலேருந்து அங்கதான் இருந்தா."

கீரைக் காம்பை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்: "என்னா கூத்து?"

கர்ண மோட்சம் என்றேன்.

"பொன்னுருவி வருவாளா?"

வருவாள் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 24
அரங்கத்தை வேண்டாமென்று சொல்லியாயிற்று. கூத்து நரேலாவில்தான். முன்பணம் போனது போனதுதான்.

டிசம்பர் 2
ஜமாவின் வாத்தியாரிடம் போனில் பேசினேன். இடம் மாறியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "குருச்சேத்திரம் அங்கேருந்து எவ்ளோ தூரம் தம்பி?" என்றார். நரேலாவை ஒட்டிப் போகிற நெடுஞ்சாலையே பானிப்பட் தாண்டி அந்தப் பக்கம்தான் போகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, வீடு இழந்தவர்கள் கதை முழுவதையும் கட்டியக்காரன் வேஷம் கட்டும் பையனுக்கு விவரமாகச் சொல்லச் சொன்னார். போனைக் கைமாற்றினார். அந்தப் பையன் அக்காவின் காகிதத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டான்.

டிசம்பர் 6
கிரீடப் பெட்டியை லக்கேஜில் போட மாட்டார்களாம், மடியில்தான் வருமாம். மரத்தில் பதித்த கண்ணாடிச் சில்லு உதிர்ந்தால் இங்கே ஒட்ட ஆளில்லை.

டிசம்பர் 11
திறந்தவெளியில் பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. "எங்க அப்பா காலத்துல மைக் ஏது?" என்கிறார் வாத்தியார். அவருக்குத் தொண்டை இருக்கிறது. புகை இன்றும் குறையவில்லை. மைதான அனுமதியும் வரவில்லை. ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.