மோதிரத்தோடு குளிக்கலாமா?

ஸ்மார்ட் மோதிரம் போட்டிருப்பவனைப் பார்த்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "குளிக்கும்போது கழட்டணுமா?" என்பதுதான். ஆபீஸில் கேட்டார்கள், இங்கே டெல்லியில் எங்கள் குடியிருப்பு லிஃப்டில் கேட்டார்கள், மாயவரத்திலிருந்து போனில் அம்மாவும் கேட்டாள்.

போட்டுக்கொண்டே குளிக்கலாம், ஆனால் கழற்றி வைப்பதே நல்லது. இதுதான் என் பதில். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கணக்குப் போடுவதுதானே நம்ம பிழைப்பு :-)

ஔரா, பெங்களூருக்காரர்களின் அல்ட்ராஹியூமன், சாம்சங் கேலக்ஸி ரிங், இந்த மூன்றுமே 100 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்கின்றன. அதற்காக 100 மீட்டர் ஆழத்தில் முங்கலாம் என்று அர்த்தமில்லை. அந்த ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தைச் சோதனைச்சாலைத் தண்ணீரில் தாங்கியது என்றுதான் அர்த்தம். நம் குளியலறையில் இருப்பதோ கெய்சர் வெந்நீர், ஆவி, சோப்பு, ஷாம்பு. தவிர, அது புது மோதிரத்துக்குச் சொன்ன கணக்கு. உள்ளே தண்ணீர் புகாமல் அடைத்திருப்பது வருஷம் போகப் போகத் தளரத்தான் செய்யும். வைப்பு நிதி மாதிரி வளர்ந்துகொண்டே போகிற சமாசாரம் இல்லை.

அடுத்தது சோப்பு. மோதிரத்தின் உட்புறத்தில் குட்டிக் குட்டி விளக்குகள் இருக்கின்றன. பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இவை தோலுக்குள் வெளிச்சம் பாய்ச்ச, ரத்த ஓட்டத்துக்கேற்ப திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறையும். அதை வைத்துத்தான் நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறார்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே ஆக்ஸிமீட்டர், அதற்குப் பங்காளி. அந்த விளக்கின் மேல் சோப்புப் படலமோ சனிக்கிழமை நல்லெண்ணெயோ படிந்தால் அளவு தடுமாறும். வட இந்தியாவில் போர்வெல் தண்ணீரில் குளிப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். வாளி விளிம்பில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு இங்கும் படியும்.

விரலும் பாவம். மோதிரத்துக்கு அடியில் சோப்புத் தண்ணீர் தங்கிவிட்டால் தோல் சிவந்து அரிக்கும். கல்யாண மோதிரக் காலத்திலிருந்தே இருக்கிற தொல்லைதான் இது. டெல்லிக் குளிரில் இன்னொரு சங்கதி உண்டு. விரல் சுருங்கும், சோப்பு வழுக்கும், மோதிரம் நேராக ஜலதாரைக்குப் போய்விடும்.

2025 செப்டம்பரில் ஒரு யூடியூபர் விமானம் ஏறும் நேரத்தில், விரலில் இருந்த ஸ்மார்ட் மோதிரத்தின் பேட்டரி உப்பிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் எடுத்தார்கள். அபூர்வமாக நடப்பதுதான். ஆனாலும் தினம் ஒருமுறை மோதிரம் சுலபமாகக் கழலுகிறதா என்று பார்த்துவிடுவது நல்ல பழக்கம். அதற்குக் குளிக்கும் நேரத்தை விட்டால் வேறு தோதான நேரம் ஏது?

கழற்றுவதால் நஷ்டமும் இல்லை. இந்த மோதிரங்களின் முக்கியமான கணக்குகள் எல்லாம் (ஓய்வு நாடித்துடிப்பு, தோல் வெப்பத்தின் ஏற்ற இறக்கம்) தூங்கும்போது எடுப்பவை. வெந்நீர் விட்டுக்கொள்ளும்போது துடிப்பு கூடும், விரல் சூடாகும். அந்த எண்ணை வைத்து என்ன செய்யப்போகிறோம்? குளித்து, துடைத்து, விபூதி இட்டு வருவதற்குள் அன்றாடச் செலவுக்குத் தேவையான சார்ஜ் ஏறிவிடுகிறது. எனக்கு இது போதுகிறது.

இவ்வளவும் என் மோதிரத்துக்கு. அம்மா விஷயம் வேறு.

அம்மாவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறாள். "பாட்டிக்கும் ஒண்ணு வாங்கிடலாம்ப்பா, குளிக்கும்போதும் கழட்டவே வேண்டாம்" என்றாள் மகள். ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு வந்த எல்லோருக்கும் அவள் மனசில் ஓடியது புரியும். நமக்குப் பயமே அந்த ஈரத் தரைதான். 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் விழுந்துவிட்டால்?

ஆனால் மேலே சொன்ன மூன்று மோதிரங்களும் விழுந்ததைக் கண்டுபிடித்து யாரையும் கூப்பிடுவதில்லை. அந்த வசதி சில கைக்கடிகாரங்களில் இருக்கிறது. மோதிரத்தில் பதிவானதும் ப்ளூடூத் வழியாகப் பக்கத்தில் இருக்கும் போனுக்குப் போனால்தான் உண்டு. அம்மாவின் போன் பூஜை அலமாரியில் இருக்கும். போதாக்குறைக்கு அவள் விரல் மூட்டு வீங்கியிருக்கிறது. மூட்டைத் தாண்டுகிற அளவில் வாங்கினால் அடிவிரலில் லொடலொடவென்று சுற்றும். தண்ணீரைத் தாங்குகிற மோதிரம் அம்மாவைத் தாங்காது.

போன தடவை ஊருக்குப் போனபோது குளியலறைச் சுவரில் ஸ்டீல் கைப்பிடி இரண்டு அடித்தோம். வழுக்காத ரப்பர் விரிப்பு, உட்கார்ந்து குளிக்க முக்காலி. தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்த மட்டும் வேண்டும் என்று பேச்சு. ஆரம்பத்தில் "அதெப்படி?" என்று முறுக்கிக்கொண்டாள், பிறகு சம்மதித்தாள். ஒரு சாவி எதிர்வீட்டு அக்காவிடம். எல்லாம் கூலியோடு 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. சாம்சங் மோதிரம் 2024 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 38,999.

தினமும் காலை எட்டு மணிக்குள் எனக்கு அம்மாவிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். குளித்தாயிற்று என்று அர்த்தம். எட்டேகாலுக்குள் வராவிட்டால் அம்மாவைக் கூப்பிடுவேன், எடுக்காவிட்டால் எதிர்வீட்டு அக்காவை. இதுவரை இரண்டு முறை அக்கா ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். ஒருமுறை தண்ணீர் வரவில்லையாம். இன்னொருமுறை வாசலில் கீரைக்காரியோடு பேரம்.