குறையோடு வந்த நீராவி எஞ்சின்

நீராவியால் ஓடும் மாதிரி இரயில் எஞ்சினை நீங்கள் பார்த்ததுண்டா? கடைகளில் கிடைக்கும் பேட்டரிப் பொம்மையை நான் குறிப்பிடவில்லை. உண்மையாகவே நெருப்பு எரிந்து, நீர் கொதித்து, நீராவியின் வலிமையால் தண்டவாளத்தில் ஓடும் சிற்றெஞ்சின் அது. ஒரு முழ நீளந்தான் இருக்கும். ஆயினும் பெரிய எஞ்சினுக்குள்ள உறுப்புகளுள் பெரும்பாலானவை அதற்கும் உண்டு.

இங்கிலாந்தில் இக்கலை நூறாண்டைக் கடந்தது. பெர்சிவல் மார்ஷல் என்பார் 1898ஆம் ஆண்டிலேயே இத்தகைய கைவினையாளர்க்கென ஓர் இதழைத் தொடங்கினார். இன்றும் அங்கே வீட்டின் பின்புறப் பட்டறையில் தனியொருவராக உழைத்து, ஆண்டுக்குச் சில எஞ்சின்களையே செய்து விற்போர் உளர். அவர்களுள் ஒருவரிடம் நான் ஓர் எஞ்சினுக்குச் சொல்லி வைத்தேன். பதினான்கு மாதங்கள் காத்திருந்தேன். அனுப்பும் செலவையும் சேர்த்து ஏறத்தாழ 11,000 ரிங்கிட் ஆயிற்று. ஓய்வு பெற்ற ஆசிரியன் ஒருவனுக்கு இது சிறு தொகையன்று.

அதனை நான் எனக்காக மட்டும் வாங்கவில்லை. என் தந்தையார் 1960களில் மலாயா இரயில்வேயில் பயர்மேனாகப் பணி புரிந்தவர். தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே 1885இல் தொடங்கிய நம் நாட்டு நீராவிக் காலம் 1970களில் முடிவுற்றது. அதன் கடைசி ஆண்டுகளில் கிளாஸ்கோவில் செய்யப்பட்ட '56' வகை எஞ்சின்களில் அவர் நின்றார். அப்போது நிலக்கரி போய் எண்ணெய் வந்துவிட்டது. ஆகவே, "நான் மண்வெட்டி பிடிக்காத பயர்மேன்" என்று அவரே நகைப்பார். இன்று அவருக்கு வயது எண்பத்தாறு. பார்வை மங்கிவிட்டது. செவி மட்டும் கூர்மையாக இருக்கிறது.

எஞ்சின் வந்து சேர்ந்தது. வீட்டின் பின்புறம் தண்டவாளம் அமைத்து, நீரும் எண்ணெயும் ஊற்றி, வாயுவைப் பற்ற வைத்தேன். ஓடியது, ஆனால் நொண்டியது. நாற்காலியில் அமர்ந்திருந்த அப்பா, "தம்பி, நிறுத்து. நாலில் ஒன்று சரியாக விழவில்லை" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இது. எஞ்சினின் ஒவ்வோர் உருளையிலும் நீராவி இருமுனையிலிருந்தும் பிஸ்டனைத் தள்ளும். இரண்டு உருளைகள் இருந்தால், சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் புகைபோக்கியில் நான்கு முறை 'சக்' என்னும் ஒலி எழும். அப்பா ஓட்டிய '56' வகைக்கு மூன்று உருளைகள். ஆகவே ஆறு ஒலிகள். எங்கள் சிற்றெஞ்சினில் மூன்று ஒலிகள் பலமாகவும் ஒன்று ஈனமாகவும் கேட்டன. நீராவியை உள்ளே விடும் வால்வு ஒரு பக்கத்தில் உரிய நேரத்தில் திறக்கவில்லை என்பதே அதன் காரணம்.

குறை அதனோடு நிற்கவில்லை. மூன்றாம் நாள் கொதிகலனின் அடியில் ஈரம் கண்டேன். நெருப்பே மூட்டாமல் நீர் மட்டும் நிரப்பி, கீழே வெள்ளைத் தாளை விரித்து வைத்தேன். காலையில் தாள் நனைந்திருந்தது.

அண்டை வீட்டு நண்பர், சாதாரண ஈயப்பற்று வைத்து அடைத்துவிடலாம் என்றார். நான் உடன்படவில்லை. இக்கொதிகலன் செம்பினால் ஆனது. 600 பாகை செல்சியசுக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றினால் இணைக்கப்படுவது. சதுர அங்குலத்திற்கு 40 பவுண்டு அழுத்தத்தில் உள்ளிருக்கும் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 140 பாகை. அவ்வெப்பத்தில் ஈயப்பற்று வலுவிழக்கும். பேரப்பிள்ளைகள் சூழ்ந்து நின்று பார்க்கும் பொருளில் அத்தகைய சோதனை வேண்டாம். வால்வையும் நான் தொடவில்லை. அவிழ்த்துப் பார்த்தால் பின்னர் பழி நம்மீது வரும்.

மைத்துனரோ, பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சுடச்சுட எழுதச் சொன்னார். அப்பா, "அவரும் கைத்தொழிலாளிதான். குறையைச் சொல், ஆளைத் திட்டாதே" என்றார். நான் கண்டவற்றை நாள் வாரியாக எழுதி, நனைந்த தாளின் படத்தையும் எஞ்சினின் ஒலிப்பதிவையும் இணைத்து அனுப்பினேன்.

மூன்று வாரங்கள் கழித்து மறுமொழி வந்தது. இங்கிருந்து புறப்படும்போது நன்றாக ஓடியது. உங்கள் நாடு வெப்பமானது, வாயுவின் அழுத்தம் அதிகம், அதனால் இருக்கலாம் என்று எழுதியிருந்தார். அதில் ஓரளவு உண்மை உண்டு. வெப்பம் கூடினால் பூட்டேன் வாயுவின் அழுத்தமும் கூடும், சுடர் பெரிதாகும். ஆனால் சுடர் பெரிதானால் நான்கு ஒலிகளும் மாற வேண்டுமே, ஒன்று மட்டும் ஏன் மாறியது? நெருப்பே இல்லாதபோது நீர் ஏன் கசிந்தது? இவ்விரண்டு கேள்விகளையே திரும்ப எழுதினேன். தனியொருவர் நடத்தும் சிறு பட்டறை என்பதற்காகப் பொறுமை காட்டலாம். 11,000 ரிங்கிட்டை விழுங்கிவிட்டு இருக்க இயலாது.

பன்னிரண்டு நாள்கள் ஓசையில்லை. பிறகு, "அனுப்பி வையுங்கள். இருவழிச் செலவும் என்னுடையது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. வாயுக்கலத்தை முற்றிலும் காலி செய்து, நீரையும் எண்ணெயையும் வடித்து, அது வந்த பெட்டியிலேயே வைத்து அனுப்பினேன். நான்கு மாதங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்பா மட்டும் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் ஒலி கேட்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்துவார்.

திரும்பி வந்த பெட்டியில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, இணைப்பு மீண்டும் பற்றவைக்கப்பட்டு, 80 பவுண்டு, அதாவது இருமடங்கு, நீரழுத்தத்தில் கொதிகலன் சோதிக்கப்பட்டதற்கான சான்று. (இச்சோதனைக்கு நீராவியை அன்றி நீரையே பயன்படுத்துவர். நீர் சுருங்கி விரிவது மிகமிகக் குறைவு. கலன் பிளந்தாலும் வெடிக்காது.) மற்றொன்று கைப்பட எழுதிய கடிதம். வால்வை இயக்கும் சிறு சக்கரத்தின் திருகாணி தளர்ந்து, சக்கரம் அச்சில் நழுவியிருந்தது என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கடைசி வரியில், ஒலியில் குறையைக் கண்டவர் யார் என்று கேட்டிருந்தார்.

அதை அப்பாவிற்குப் படித்துக் காட்டினேன். அவர் பதில் சொல்லவில்லை. எஞ்சினை மூட்டச் சொன்னார். அது மெல்ல நகர்ந்தபோது விரல்களை மடக்கி நான்கு நான்காக எண்ணினார். மூன்று சுற்று முடிந்ததும், "எண்ணெய் ஊற்றினாயா?" என்று கேட்டார்.