ரிக்கவரி பட்டனை அழுத்த முன் ஒரு தடவை வாசியுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய லெப்டொப் வைத்திருப்பவர்கள், குறிப்பாக சக ஆசிரியர்கள், கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு லெப்டொப் இருக்கிறது. 2019இல் பழைய மாணவர்கள் வாங்கித் தந்தது. தவணைப் புள்ளிகள், வினாத்தாள்கள், பிள்ளைகளின் விபரங்கள் என்று ஆறு வருடத்து வேலை முழுவதும் அதற்குள்தான். வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. அது முழுக்க எங்கள் பிழை.

விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. எங்கள் மெஷின் விண்டோஸ் 11இற்குத் தகுதியானது என்று திரையில் வந்ததும், விடுமுறையில் ஒரு நாள் வந்து அப்கிரேட் செய்தோம். பிரச்சினையில்லாமல் முடிந்தது. போட்டோ எடுத்து வட்ஸ்அப் குறூப்பிலும் போட்டோம்.

பாடசாலை தொடங்கிய பிறகுதான் தலையிடி. போடும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிழைச் செய்தி. வாங்கும்போதே உள்ளே இருந்த, காலாவதியான அன்டிவைரஸ் சிவப்பு நிறத்தில் காசு கேட்டது. திரை வெளிச்சத்தைக் கூட்டும் பட்டன் வேலை செய்யவில்லை. ஒரு வேர்ட் பைல் திறப்பதற்குள் தேநீர் குடித்து முடிக்கலாம். கடையில் கேட்டோம். "போர்மட் அடிக்கணும் சேர்" என்றார்கள்.

பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போக வசதி இருக்கிறது. ஆனால் அப்கிரேட் செய்து 10 நாட்களுக்குள் செய்ய வேண்டும். எங்களுக்கு மூன்று கிழமை கடந்துவிட்டது.

அப்போதுதான் எங்களில் ஒருவர், லெப்டொப் செய்த கொம்பனியே உள்ளே போட்டுக் கொடுத்த ரிக்கவரி புரோகிராமைக் கண்டுபிடித்தார். ரிக்கவரி என்றால் மீட்பதுதானே, எல்லாம் பழையபடி சரியாகிவிடும் என்று நினைத்தோம். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போய்க்கொண்டிருந்தோம்.

வினாத்தாள் ஒன்றைப் பிரின்ட் எடுக்க எங்கள் மௌலவி சேர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கம்பியூட்டர் பக்கமே வராதவர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை வாசித்தார்.

"பொறுங்க தம்பி. ஓல் டேட்டா என்டு போட்டிருக்கே, அது எல்லாம் அழிஞ்சி போகும் என்டுதானே?"

கையை எடுத்துவிட்டோம். அந்தப் பட்டன் லெப்டொப்பை வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுபோகும். அதாவது, 2019இற்குப் பிறகு உள்ளே போட்ட எதுவும் மிஞ்சாது. ஓ.எல். எழுதப்போகும் பிள்ளைகளின் புள்ளிகளும் அதற்குள்தான் இருந்தன. எங்களுக்குக் கம்பியூட்டர் தெரியும் என்ற நினைப்பில் நாங்கள் வாசிக்கவில்லை. தெரியாது என்பதால் அவர் வாசித்தார். அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு உட்கார்ந்து ஆறுதலாக யோசித்தோம். அப்கிரேட் செய்யும்போது விண்டோஸ் மட்டும்தான் புதிதாகிறது. கொம்பனி முன்கூட்டியே போட்ட புரோகிராம்கள் பழைய விண்டோஸுக்காகச் செய்யப்பட்டவை. அவை அப்படியே கூட வந்துவிடுகின்றன. பிழை அங்கேதான். போர்மட் தேவையே இல்லை. நாங்கள் செய்த ஒழுங்கு இது:

1. முதலில் எல்லா பைல்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் கொப்பி பண்ணினோம். கொப்பி பண்ணியவற்றைத் திறந்தும் பார்த்தோம்.

2. செட்டிங்ஸில் அப்ஸ் பகுதிக்குப் போய் காலாவதியான அன்டிவைரஸை நீக்கி, ரீஸ்டார்ட் செய்தோம். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாக வேலை செய்யத் தொடங்கியது. பாதி வேகம் அப்போதே திரும்பி வந்தது.

3. ஒருநாளும் பாவிக்காத விளையாட்டுகள், சோதனைப் பதிப்புகள் போன்றவற்றை நீக்கினோம். என்னவென்று தெரியாததை நீக்கவில்லை. சத்தம், டச்பேட், வைபை சம்பந்தமானவை வேண்டாதவை போலத்தான் தெரியும். அவற்றில் கை வைக்காதீர்கள்.

4. லெப்டொப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தைக் கொம்பனியின் இணையத்தளத்தில் கொடுத்து, விண்டோஸ் 11இற்கான பட்டன் புரோகிராமையும் டிரைவர்களையும் எடுத்துப் போட்டோம். வெளிச்சப் பட்டன் வேலை செய்தது, பிழைச் செய்தியும் நின்றது. வேறு தளங்களில் எடுக்க வேண்டாம்.

5. டாஸ்க் மெனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில், போட்டவுடன் தானாகத் திறக்கும் தேவையில்லாதவற்றை நிறுத்தினோம்.

பாடசாலை விட்ட பிறகு தொடங்கிய வேலை, அஸருக்குள் முடிந்தது. ஒரு சதமும் செலவில்லை. மௌலவி சேர் அதுவரை காத்திருந்து, "இப்ப பேப்பரை அடிக்கலாமா?" என்று கேட்டார். முதல் பிரின்ட் அவருடையதுதான்.

இப்போது எங்கள் பைல்களுக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று அதிபரின் அலுமாரியில். உங்கள் பிள்ளைகளின் போட்டோ, காணி உறுதியின் ஸ்கேன், வீட்டுக் கணக்கு என்று எது உங்கள் மெஷினில் இருந்தாலும், அப்கிரேட் செய்ய முன் ஒரு கொப்பி எடுத்துவிடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் ஒரு பென் டிரைவோடு பாடசாலைப் பக்கம் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து செய்வோம்.