மார்கழியில் ஒரு மலைப் பிரயாணம்

வாடைக்காற்றுத் தொடங்கிக் கடற்கரையில் மாலை வேளை சிறிது இதமாகிவிட்டால் போதும், வெள்ளவத்தை வீடுகளில் ஒரு கேள்வி பிறந்துவிடும்: “இந்த விடுமுறைக்கு எங்கே போகிறோம்?” கொட்டாஞ்சேனையில் இருக்கும் எமது மைத்துனர் வீட்டிலும் அதே கேள்விதான். யாழ்ப்பாணம் என்பார் ஒருவர். கதிர்காமம் என்பார் மற்றொருவர். பிள்ளைகளோ ஒரே குரலில் நுவரெலியா என்பார்கள். பெரியவர்கள் உடனே, “இந்தக் குளிரிலா? சித்திரையில் பார்ப்போம்” என்று தள்ளிவிடுவார்கள்.

நாம் பிள்ளைகளின் கட்சி.

சித்திரையில் மலையேறுவது வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற வழக்கம். கொழும்பின் புழுக்கம் தாளாமல் அவர்கள் ஓடிய மாதம் அது. 1821இல் ஜோன் டேவி என்ற வைத்தியர் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதியதன் பின், ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் அங்கே தமக்கொரு மாளிகையும், நோயுற்ற படைவீரர்களுக்கு ஓர் ஆரோக்கிய நிலையமும் அமைத்தார். காய்ச்சலில் மெலிந்து, உடல் தேறுவதற்காக மலையேறிய சாமுவேல் பேக்கர் அவ்விடத்தின் மீது மோகங்கொண்டு, 1848இல் தம் சகோதரருடனும் குடியானவர்களுடனும் மாடுகளுடனும் வந்து பண்ணையே அமைத்துவிட்டார். ஆக, முதலில் அது மருந்துக்குப் போன ஊர். பிறகே விருந்துக்குப் போன ஊர். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியுமாகச் சித்திரை விழா இன்றும் நடக்கின்றது. அப்போது அறை வாடகையைக் கேட்டாலே வியர்த்துவிடும். அந்த வியர்வைக்கு நாம் வெள்ளவத்தையிலேயே இருந்துவிடலாம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊரை, அதன் சொந்தக் குளிரில் பார்ப்பதே முறை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மார்கழியின் முற்பகுதியில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்திராது; மூடுபனியைத் தவிர வேறொன்றும் காணாமல் திரும்பியவர்களை நாம் அறிவோம். தை பிறக்கும் தறுவாயில் வானம் வெளுக்கும். பாடசாலை நாட்காட்டி இடந்தந்தால் அந்த வாரத்தையே தெரிந்துகொள்ளுங்கள். பகலில் பொன்போன்ற வெயில். இரவில் 4 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கிய நாட்கள் உண்டு. ஆளுக்கொரு கம்பளிச் சட்டை போதாது. காதை மூடும் தொப்பியும் காலுறையும் முக்கியம். இழுப்பு உள்ளவர்கள் மருந்தைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வைக்கவேண்டும்.

போவதற்குப் புகையிரதமே சிறந்தது. நானுஓயா வரை இருப்புப்பாதை 1885இல் வந்தது. ஆசனங்களை ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதையும், மலைநாட்டில் மண் சரிந்து இந்தப் பாதையும் பலவிடங்களில் சிதைந்ததையும் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே வண்டி எதுவரை ஓடுகின்றது, எந்த வீதி திறந்திருக்கின்றது என்று கோட்டை நிலையத்தில் நேரிலே விசாரித்த பின்னரே திகதி குறிக்க வேண்டும்.

இறம்புக்கனையில் தொடங்கும் ஏற்றம் பிள்ளைகளைச் சன்னலோடு கட்டிப்போட்டுவிடும். கட்டுச்சோற்றைக் கம்பளையில் அவிழ்த்தால் ஹற்றனில் கைகழுவலாம். அதற்கப்பால் சிங்கமலைச் சுரங்கம். பிறகு சென்கிளேயர் அருவி. தலவாக்கலையை அடுத்து வட்டகொடை என்றொரு சிறு நிலையம் வரும். பெரும்பாலார் கவனியாமல் விடும் இடம் அது. அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் 1914இல் பிறந்தவரே சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வரும் இச்செய்தியை, அந்த மலைகளைப் பார்த்தபடி பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஊருக்குள் பார்க்கவேண்டியவற்றை எவரும் சொல்லிவிடுவார்கள்: 1873இல் ஆளுநர் கிரெகரி காலத்தில் அமைந்த ஏரி, செங்கல் நிறத் தபாற் கந்தோர், சீத்தா எலியவிற் சீதையம்மன் கோயில், கொயினா மரம் வளர்ப்பதற்காக 1861இல் தொடங்கிய ஹக்கலைப் பூங்கா. இரண்டு நாட்கள் போதும். மூன்றாவது நாட் காலையை ஒன்றுக்கும் ஒதுக்காமல் வெறுமையாக விட்டுவையுங்கள் என்பது எமது யோசனை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு தை மாதக் காலையில், விடுதிக்காரர் கதவைத் தட்டி, “வெளியே வந்து பாருங்கள்” என்றார். புல்வெளி முழுவதும் சர்க்கரை தூவியதுபோல வெண்மை. உறைபனி! மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டையெல்லாம் வானுக்கு இழந்துவிட, கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களிலே தேங்கும். அங்கேதான் இது படியும். எமது பிள்ளைகள் அயலிலிருந்த தேயிலைச் சரிவுக்கு ஓடி, செடிகளின் மேல் விரலால் பெயரெழுதிக் கூத்தாடினார்கள்.

இடுப்பிற் சாக்கும் முதுகிற் கூடையுமாக ஒரு பெண் மேலேயிருந்து இறங்கி வந்தாள். சிறிது நேரம் நின்று பார்த்தாள், சிரித்துக்கொண்டே எமது வீட்டாரிடம் சொன்னாள்: “ஒங்க புள்ளைங்களுக்கு இது வெளையாட்டும்மா. வெயில் ஏறட்டும், பாருங்க. கொழுந்தெல்லாம் கருகிரும். எங்களுக்கு அரப் பேருதான்.”

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்பது வழக்கு. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், பாதிக் கூலி. நாற்பது ஆண்டு கொழும்பில் தமிழ் பேசி வாழ்ந்த எமக்கு அந்தச் சொல்லின் பொருளை அவள்தான் விளக்கவேண்டியிருந்தது.

பத்து மணிக்கு மீண்டும் அவ்வழியே வந்தோம். வெந்நீர் ஊற்றியதுபோலத் தளிர்கள் தவிட்டு நிறத்திற் சுருண்டு கிடந்தன. பிள்ளைகள் எழுதிய பெயர்கள் ஒன்றுமில்லை. கீழ்ச்சரிவில் ஒருவரும் இல்லை. மேலே, காற்று அசைந்த மேட்டில் மாத்திரம் ஏழெட்டுப் பேர் கொழுந்து தேடிக்கொண்டிருந்தார்கள். மூத்த மகள் ஏதோ கேட்க வாயெடுத்து, கேளாமலே நடந்தாள்.

இவ்வாண்டும் திட்டம் தயாராகிவிட்டது. மைத்துனர் குடும்பமும் வருவதாக இருக்கின்றது. இரும்புப் பெட்டியிற் கிடந்த போர்வைகளை நேற்று மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்டோம். சின்னவன் அவற்றுக்கிடையே ஓடி விளையாடியபடி, “அக்கா, இந்த முறையும் பனி விழுமா?” என்று கேட்டான்.

“விழாவிட்டால் நல்லது” என்றாள் அவள், போர்வையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.