வடிவாப் பார்த்தல்

எங்கட ஊரில் ஒரு சொல் இருக்கு. வைத்த சாமான் கிடைக்கவில்லை என்றால் அம்மா குசினிக்குள் இருந்தே கத்துவா: "வடிவாப் பார்!" கவனமாகப் பார் என்று அர்த்தம். அழகுக்கும் எங்களிடம் அதே சொல்தான். பிள்ளை வடிவு, சேலை வடிவு, டச்சு பே கடல் வடிவு. கவனமும் அழகும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்து குந்தின என்று நாங்கள் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தவன் எங்கட கிண்ணியா நண்பன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் ஐந்து பேராகக் கோணேசர் கோயிலுக்குப் போயிருந்தோம். பிரட்றிக் கோட்டை வாசலுக்குள்ளால் நடந்து, மான்களுக்கு வாழைப்பழம் கொடுத்து, மேலே ஏறினோம். அவன் கும்பிட வந்தவன் இல்லை, சும்மா எங்களோடு வந்தவன். நாங்கள் நாலு பேரும் சாமிக்கு முன்னால் நின்று கண்ணை மூடினோம். அவன் மூடவில்லை. வெளியில் வந்து இராவணன் வெட்டுப் பக்கம் காற்று வாங்கும்போது கேட்டான்: "அந்தச் சிலையளைச் செய்தது ஆர்?"

எங்களிடம் பதில் இல்லை. கோயிலைக் கட்டியது குளக்கோட்டன் என்ற கதை தெரியும். 1620களில் போர்த்துக்கேயர் இடித்தது தெரியும். இடித்த கல்லைக் கொண்டு கோட்டை கட்டியதும் தெரியும். வாசலில் இரட்டை மீன் செதுக்கிய கல்லைக் காட்டித்தானே ஒவ்வொரு முறையும் விருந்தாளிகளுக்குக் கதை சொல்கிறோம். கட்டினவன் பேர், இடித்தவன் பேர் எல்லாம் வாயில் இருக்கு. செதுக்கினவனை, வார்த்தவனை நாங்கள் ஒருநாளும் தேடவில்லை.

அன்றைக்கு இரவே வாசிக்கத் தொடங்கினோம். 1950இல் நகரசபை ஆட்கள் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து வெண்கலத் திருமேனிகள் வந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிறகு பிள்ளையார். இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்து யாரோ அவசரமாகப் புதைத்திருக்க வேண்டும். 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் இறங்கி, செதுக்கிய கற்களைக் கண்டார்கள். இப்போதிருக்கும் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். இதையெல்லாம் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் சந்திரசேகரர் எப்படி நிற்பார், பின்கைகளில் என்ன இருக்கும் என்று கேட்டால் முழிப்போம். ஒரு கையில் மழு, மற்றக் கையின் விரல் நுனியில் ஒரு சின்ன மான். கோட்டைக்குள் மானுக்குப் பழம் கொடுக்கிற எங்களுக்கு, சாமி கையில் மான் இருப்பது தெரியாது! பட்டும் மாலையும் சாத்தினால் முகம் மட்டும்தான் தெரியும் என்று சாட்டுச் சொல்லலாம்தான். ஆனாலும் நாங்கள் வடிவாப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

இப்படிப்பட்ட சிலை எப்படிப் பிறக்கிறது தெரியுமா? சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் பழைய முறையில்தான் செய்கிறார்கள். தென்னோலையைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அளவு எடுப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முழு உருவத்தையும் கையால் செய்வார்கள். அதன்மேல் முதலில் நைசான வண்டல் மண், பிறகு முரட்டு மண் என்று பூசிக் காயவிட்டு, கம்பி கட்டி, சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த வெற்றிடத்துக்குள் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறினபிறகு மண்ணை உடைப்பார்கள். மெழுகு உருவம் ஏற்கெனவே போய்விட்டது, மண் அச்சும் உடைந்துவிட்டது. ஆகவே ஒரு முறை செய்ததை அப்படியே இன்னொரு முறை செய்ய ஏலாது. கை பிழைத்தால் திரும்ப மெழுகில் இருந்துதான் தொடங்க வேணும்.

இதை வாசித்த பிறகு ஒரு படம் எங்களை விடவே இல்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிற தாரா தேவியின் படம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கட கரையோரத்தில் கிடைத்தவள். சுமார் 1200 வருசத்துக்கு முந்தியவள், 143 சென்ரிமீற்றர் உயரம், உள்ளே வெற்றிடமே இல்லாத கனவார்ப்பு, மேலே பொன் முலாம். தேசாதிபதியாக இருந்த றொபர்ட் பிரவுண்றிக் 1830இல் அந்த மியூசியத்துக்குக் கொடுத்தார். இடுப்புக்கு மேலே உடுப்பு இல்லை என்றபடியால், பொதுசனம் பார்க்கக் கூடாதென்று அவர்கள் அவளைப் பல வருசம் உள்ளுக்குள் பூட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த இடுப்பையும், தருவதற்காகக் கீழே விரிந்த வலது கையையும் பாருங்கள். அந்தக் கையைச் செய்தவன் கொடுக்கிறவர்களின் கையை எவ்வளவு நாள் கவனித்திருப்பான்!

"இது ஆற்ற சிலை? தமிழரா, சிங்களவரா?" எங்கட குழுவிலேயே இந்தக் கேள்வி வந்தது. வரத்தான் செய்யும். திருமலையில் சிலை என்றால் எல்லைக்கல் மாதிரி. 2005 மே மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவில் ஒரு புத்தர் சிலை வந்தது. பிறகு கடையடைப்பு, முட்கம்பி, ஆமிக் காவல். அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்த நாங்கள் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். காணியும் பயமும் உண்மையான பிரச்சினைகள், அதை நாங்கள் மழுப்பப் போவதில்லை. ஆனால் அந்தச் சண்டை எங்களிடம் இருந்து இன்னொன்றையும் பறித்துவிட்டது. ஒரு சிலையைக் கண்டதும் "ஆற்ற?" என்றுதான் வாய் கேட்குது. "எப்படி?" என்று கேட்கக் கண்ணுக்கு நேரம் கிடைப்பதில்லை. தாரா மகாயான பௌத்தத் தெய்வம். அவளை வார்த்தவன் வீட்டில் என்ன மொழி பேசினான் என்று அந்த உலோகம் சொல்லாது. அவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்று மட்டும் சொல்லும்.

கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனால் காரைக்காலம்மையாரைப் பாருங்கள். பொலன்னறுவைச் சிவன் கோயிலில் கிடைத்தவர். வற்றின உடம்பு, கையில் தாளம், பாடிக்கொண்டு இருக்கிறார். பள்ளிச் சுற்றுலாவில் போனபோது "பேய்" என்று சிரித்துவிட்டு ஓடி வந்த ஆட்கள்தான் நாங்கள். வடிவு வேண்டாம் என்று உதறின ஒரு பெண்ணை இவ்வளவு வடிவாகச் செய்ய ஒருவனால் ஏலுமாக இருந்திருக்கு. அது இப்பதான் விளங்குது.

போன மாதம் துறைமுகப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் திருத்த வேலை நடந்தது. கொப்பும் பலகையும் கட்டி மேலே நின்று ஒரு ஐயா சீமெந்தில் துவாரபாலகர் செய்துகொண்டிருந்தார். நாங்கள் கீழே நின்று அரை மணித்தியாலம் பார்த்தோம். இறங்கி வந்தவரிடம் கிண்ணியா நண்பன்தான் முதலில் கதைத்தான்.

"ஐயா, ஏன் தலை பெரிசா இருக்கு?"

அவர் சிரித்தார். "நீ கீழ நிண்டெல்லோ பார்க்கிறாய் தம்பி. மேல போகப் போகச் சின்னனாத் தெரியும். அதுக்குத்தான் கூட்டி வைக்கிறது. இப்படி ஒருத்தரும் கேக்கிறேல்ல. வடிவாப் பார்த்திருக்கிறாய்."

அந்தக் கோயில் வாசலில் மாபிள் கல்லில் உபயகாரர் பேர்கள் வரிசையாக இருக்கு. ரியூப் லைற்றில்கூட உபயம் என்று ஒரு பேர். அவருடைய பேர் எங்கே வரும் என்று கேட்டோம். "எங்கட பேரை எங்க போடுறது?" என்றுவிட்டு வெத்திலைப் பையை எடுத்தார்.

ஆகவே ஒரு சின்னக் கோரிக்கை. அடுத்த முறை உங்கட ஊர்க் கோயிலுக்குப் போனால் கும்பிட்டு முடிந்த பிறகு ஐந்து நிமிசம் கண்ணைத் திறந்து நில்லுங்கள். முதலில் முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். பாரம் எந்தக் காலில் நிக்குது என்று பாருங்கள். பக்கவாட்டில் போய் முதுகைப் பாருங்கள். வேலை நடக்கிற கோயில் என்றால் செய்கிறவரின் பேரைக் கேளுங்கள்.

நாங்கள் அந்த ஐயாவின் பேரைக் கேட்டு, திகதியோடு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். இங்கே போடலாமா என்று கேட்டோம். "முதல்ல கோயில்ல போடட்டும், பிறகு நீங்கள் போடுங்கோ" என்றார். கோயில் சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.