ஓஹையோவில் ஓர் அக்கா

கொலம்பஸ் விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் நகரம் முடிந்து வயல் தொடங்கிவிடுகிறது. பிப்ரவரி மாதத்தில் அந்த வயல்களில் பார்க்க எதுவும் இல்லை. அறுவடை முடிந்த சோளத்தின் அடிக்கட்டைகள், அவற்றுக்கு இடையே அழுக்கேறிய பழைய பனி, அவ்வளவுதான். சாலையோரமாக ஆமிஷ் மக்களின் குதிரை வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கா என்றதும் நம் கண்முன் வரும் நியூயார்க், கலிஃபோர்னியா எதுவும் இங்கே இல்லை. இது ஓஹையோ மாநிலத்தின் நடுப்பகுதி.

என் அக்கா மகள் இங்குள்ள ஒரு சிறிய கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கிள்ளானில் வளர்ந்தவள். ஐந்தாம் படிவம் வரை பள்ளிக்காக நீந்தியவள். இந்தப் பருவத்தின் கடைசிப் பெரிய போட்டிக்கு அக்காவால் விடுப்பு எடுக்க முடியவில்லை. வானொலி நிலையத்தில் பத்து நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். அங்கே நான் சந்தித்தவர்கள் கேட்டுக்கொண்டதால் கல்லூரியின் பெயரையும் அவர்களின் பெயர்களையும் இங்கே எழுதவில்லை.

“லிபரல் ஆர்ட்ஸ்” கல்லூரி என்றால் நம் வீடுகளில் இன்னமும் புருவம் உயரும். ஓவியம் வரையும் கல்லூரியா என்று கேட்பார்கள். அப்படி இல்லை. இவை பெரும்பாலும் இளங்கலைப் படிப்பை மட்டுமே நடத்துபவை. மொத்தமே ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் மாணவர்கள். ஒரு வகுப்பில் பதினைந்து, இருபது பேர். உயிரியல் படிக்கிற பிள்ளை தத்துவத்திலும் இசையிலும் ஒரு பாடமாவது எடுத்தாக வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் நான்கு ஆண்டும் வளாகத்திலேயே தங்குகிறார்கள்.

விளையாட்டுக்கு உபகாரச் சம்பளம் கிடையாது

இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவை என்சிஏஏ எனப்படும் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில் இருக்கின்றன. தொலைக்காட்சியில் லட்சம் பேர் கூடும் அரங்கங்களோடு நாம் பார்ப்பது முதல் பிரிவு. மூன்றாம் பிரிவில் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. எண்ணிக்கையில் இதுதான் மிகப் பெரிய பிரிவு. ஆனால் இங்கே விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்பது விதி. குடும்ப வருமானத்தைப் பார்த்தோ படிப்பைப் பார்த்தோ உதவி கிடைக்கலாம். நீச்சலுக்காக ஒரு காசும் கிடையாது.

அப்படியானால் பிள்ளைகள் எதற்காக விடியற்காலையில் எழுந்து குளத்துக்கு ஓடுகிறார்கள்? பிடித்திருக்கிறது என்பதற்காகத்தான். சில கல்லூரிகளில் மூன்று மாணவர்களில் ஒருவர் ஏதாவது ஒரு குழுவில் இருக்கிறார்.

இன்னொரு சங்கதி. அமெரிக்கக் கல்லூரிகளின் நீச்சல் போட்டி பெரும்பாலும் 25 யார்டு குளத்தில் நடக்கிறது. நூறு யார்டு என்பது 91 மீட்டர் சொச்சம்தான். முதல் போட்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டு அத்தான், “பொண்ணு திடீர்னு பறக்கிறா!” என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப் அனுப்பினார். அவள் விளக்கிச் சொல்லிய பிறகும் அந்தச் செய்தியை அவர் அழிக்கவில்லை.

துணைப் பயிற்றுநர் என்ன செய்கிறார்?

குழுவுக்குத் தலைமைப் பயிற்றுநர் ஒருவர், துணைப் பயிற்றுநர்கள் இருவர். தலைமைப் பயிற்றுநர் அங்கே பல ஆண்டுகளாக இருப்பவர். சுவரில் உள்ள படங்களில் அவர் இருக்கிறார். துணைப் பயிற்றுநர்கள் படத்தில் இருந்தாலும் ஓரத்தில் பாதித் தோளோடு நிற்கிறார்கள்.

மூத்தவருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும், பெண். இளையவர் படிப்பை முடித்து இரண்டு ஆண்டுதான் ஆன பையன். ஒரு நாள் முழுக்க அவர்களோடு இருக்க அனுமதி கேட்டேன். சிரித்துக்கொண்டே, “ஐந்தரைக்கு வந்துவிடுங்கள்” என்றார்கள். காலை ஐந்தரை.

அன்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். குளத்தின் கதவைத் திறந்தார்கள். நிறுத்துக்கடிகாரத்தோடு நீந்துபவர் பக்கத்திலேயே நடந்தார்கள். நீருக்கு அடியில் எடுத்த காணொளியை ஒவ்வொரு பிள்ளைக்கும் காட்டினார்கள். ஈரத் துண்டுகளை இயந்திரத்தில் போட்டார்கள். போட்டிக்குப் போகும் ஊரில் தங்கும் விடுதியோடு கட்டணம் பேசினார்கள். யாருக்குக் கடலை ஒவ்வாது, யார் சைவம் என்று பட்டியல் பார்த்துச் சாப்பாடு சொன்னார்கள். மதியம் மூத்தவர் நீச்சல் தெரியாத மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். இரவு எட்டு மணிக்கு இளையவர் தொலைபேசியோடு உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு சேரக்கூடிய உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஒவ்வொருவராக அழைத்தார். சின்னக் கல்லூரிக்கு மாணவர் சேர்க்கைதான் உயிர்நாடி. அதில் ஒரு பங்கு இவர் தோளில்.

என் தொழிலை நினைத்துக்கொண்டேன். நிகழ்ச்சியில் கேட்பது என் குரல். ஆனால் நேயரின் அழைப்பை முதலில் எடுப்பது நான் அல்ல. உள்ளே இருக்கும் ஒருவர் எடுத்து, அந்தக் குரல் நடுங்குகிறதா, அழுகிறதா என்று கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதி என்னிடம் நீட்டுகிறார். அந்தத் தாள் இல்லாவிட்டால் நான் உளறுவேன். நிகழ்ச்சி முடிந்ததும் பெயர் சொல்லி வாழ்த்துவது என்னைத்தான்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டபோது இளையவர் தோளைக் குலுக்கினார். வளாகத்தில் ஓர் அறை, உணவுக்கூடத்தில் சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். ஒப்பந்தம் இரண்டு ஆண்டு. அதன் பிறகு வேறு ஊர்.

இந்த ஏணியில் ஏறி உயரப் போனவர்களும் உண்டு. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு ஐந்து என்பிஏ பட்டங்கள் வாங்கித் தந்த கிரெக் போப்போவிச், 1979 முதல் கலிஃபோர்னியாவின் பொமோனா-பிட்சர் என்ற சிறிய கல்லூரி அணியைப் பயிற்றுவித்தவர். அங்கே குடும்பத்தோடு மாணவர் விடுதியில் தங்கியிருந்தார். பின்னாளில் பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்றுநரான பிராட் ஸ்டீவன்ஸ், இண்டியானாவின் டிபா என்ற சிறிய கல்லூரியில் விளையாடியவர். 2000ஆம் ஆண்டில் ஒரு மருந்து நிறுவன வேலையை விட்டுவிட்டு, பட்லர் பல்கலைக்கழக கூடைப்பந்து அலுவலகத்தில் தொண்டூழியராகத் தொடங்கினார். ஆனால் இப்படிப் பெயர் வெளியே தெரிபவர்கள் மிகச் சிலர்.

ஒரு புள்ளி

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். “நீச்சல் பற்றி எழுதப் போகிறீர்கள் என்றால் கேம்பியரைப் பார்க்காமல் போகக்கூடாது” என்று இளையவர் சொன்னார். நான் வாடகைக்கு எடுத்த காரில் அவரும் ஏறிக்கொண்டார்.

கேம்பியர் ஒரு குன்றின் மேல் இருக்கும் சிற்றூர். ஊரே கென்யன் கல்லூரிதான் என்று சொல்லலாம். 1824இல் தொடங்கியது. நடுவே மிடில் பாத் என்ற சரளைக்கல் நடைபாதை நேராகப் போகிறது. இருபுறமும் இலையில்லாத மரங்கள், கல் கட்டடங்கள். நடிகர் பால் நியூமன் இங்கே படித்தவர். கீழே கொகோசிங் ஆறு.

இந்தக் குட்டி ஊரின் ஆண்கள் நீச்சல் குழு 1980 முதல் 2010 வரை தொடர்ந்து 31 ஆண்டு மூன்றாம் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது. பெண்கள் குழு 1984 முதல் 2000 வரை தொடர்ந்து 17 முறை வென்றது. பயிற்றுநர் ஜிம் ஸ்டீன். அங்குள்ள குளத்துக்கு இன்று அவர் பெயர்.

2011இல் அந்தத் தொடர் முடிந்தது. ஒரே ஒரு புள்ளியில். வென்றது ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடிய டெனிசன் கல்லூரி. அதன் பயிற்றுநர் கிரெக் பரீனி, கென்யனில் ஸ்டீனிடமே நீச்சல் கற்றவர்.

“அந்த ஒரு புள்ளி எங்கேயிருந்து வந்தது என்று நான் அடிக்கடி யோசிப்பேன்” என்றார் இளையவர். “யாரோ ஒரு துணைப் பயிற்றுநர் யாரோ ஒரு பையனின் திருப்பத்தைச் சரி செய்திருப்பார். பதினாறாவதாக வரவேண்டியவன் பதினைந்தாவதாக வந்திருப்பான். அவ்வளவுதான்.” அப்படித்தான் நடந்தது என்று அவர் சொல்லவில்லை. அப்படி நடந்திருக்க வேண்டும் என்று நம்புகிறார். இந்த வேலையில் இருக்க அந்த நம்பிக்கை தேவைப்படுகிறது போலும்.

பத்து நிமிடம்

திரும்பி வந்த இரவு, அக்கா மகள் இதுவரை வீட்டில் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னாள். இப்போது அவளுடைய அனுமதியோடும் அக்காவுக்குத் தெரிந்தும் எழுதுகிறேன்.

முதல் ஆண்டு நவம்பர். மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும். குளத்திலிருந்து விடுதிக்கு நடக்கும் ஐந்து நிமிடத்தில் ஈரமுடி விறைத்துப் போகும். நமக்கும் ஓஹையோவுக்கும் அப்போது பதின்மூன்று மணி நேர வித்தியாசம். அவள் அழ நினைக்கும் நேரத்தில் இங்கே எல்லாரும் வேலையில் இருப்போம். சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பயிற்சிக்கு ஒரு நாளும் தவறவில்லை. நேரமும் மோசமாகவில்லை.

“சித்தி, யாருக்குமே தெரியல. அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருச்சு.”

மூத்த துணைப் பயிற்றுநர் ஒரு காலை அவளைத் தனியே கூப்பிட்டிருக்கிறார். “நீ எப்போதும் பத்து நிமிடம் முன்னால் வருவாய். இந்த வாரம் சரியாக ஆறு மணிக்கு வருகிறாய். என்ன ஆயிற்று?” என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வியில் இவள் உடைந்து போயிருக்கிறாள். அன்றே கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் அவளோடு நடந்து போய், முடியும் வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த வாரம் கொலம்பஸில் ஒரு போட்டி. திரும்பும் வழியில் வேனை ஓர் இந்திய மளிகைக் கடை முன்னால் நிறுத்தி, “இருபது நிமிடம்” என்றாராம். குழு முழுவதும் வேனில் காத்திருந்தது. இவள் அரிசி, பருப்பு, ஊறுகாயோடு வந்தாள். நான்கு பாக்கெட் மிக்ஸரும் வாங்கி வந்தாள். வளாகம் சேரும் முன் மிக்ஸர் காலி.

அமெரிக்காவில் பயிற்றுநரைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். இவளுக்கு வாய் வரவில்லை. நேரில் “கோச்” என்பாள். அம்மாவிடம் தொலைபேசியில், “அக்கா சொன்னாங்க, அக்கா திட்டினாங்க” என்பாள். ஒரு நாள் அது அவர் காதில் விழுந்து, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாராம். அதற்குப் பிறகு இவளுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் கீழே “அக்கா” என்றுதான் கையெழுத்து.

அவர் இந்த மே மாதம் போகிறார். வேறு மாநிலத்தில் கொஞ்சம் கூடுதல் சம்பளம், காப்புறுதியோடு ஒரு வேலை. அவரிடம் பேசினேன். “நான்கு ஆண்டு இருக்கப் போகிறவர்களை இரண்டு ஆண்டு இருப்பவர் பார்த்துக்கொள்கிறார். இதில் எனக்கும் வருத்தம்தான்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வாடகை இருக்கிறது, வாழ்க்கை இருக்கிறது.

பிள்ளையை இப்படிப்பட்ட கல்லூரிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் கட்டணத்தைக் கேட்கிறோம், தரவரிசையைக் கேட்கிறோம். இன்னும் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். துணைப் பயிற்றுநர்கள் எத்தனை ஆண்டு தங்குகிறார்கள்? கடைசியாகப் போனவர் எதற்காகப் போனார்? இரவு பத்து மணிக்கு என் பிள்ளை யாரை அழைக்கலாம்? தலைமைப் பயிற்றுநரிடம் கைகுலுக்கிய கையோடு, நிறுத்துக்கடிகாரம் பிடித்திருப்பவரிடமும் இரண்டு நிமிடம் பேசுங்கள். உங்கள் பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்ப்பவர் அவர்தான்.

நான் கோலாலம்பூர் திரும்பிய பிறகு ஒரு செய்தி வந்தது. அந்த இடத்துக்கு விண்ணப்பித்தவர்களை மாணவர்களும் சந்திக்க வேண்டுமாம். குழு சார்பில் போன நால்வரில் இவளும் ஒருத்தி. ஆளுக்கு ஒரு கேள்வி. இவள் கேட்டது: “தினமும் பத்து நிமிடம் முன்னால் வரும் மாணவி ஒரு நாள் சரியான நேரத்துக்கு வந்தால் என்ன நினைப்பீர்கள்?”

முதலாமவர், நேரத்துக்குத்தானே வந்திருக்கிறாள் என்றாராம். இரண்டாமவர், ஒழுங்கைப் பற்றிப் பேசினாராம். மூன்றாமவர் யோசித்துவிட்டு, “அவள் சாப்பிட்டாளா?” என்று கேட்டாராம்.

யாரை எடுத்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் அக்காவிடம் முதலில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை.