போடியில் ஏறி உடுமலையில் இறங்கி

மலைப்பாதையில் சைக்கிள் மிதிக்கிறவர்களிடம் தூரத்தைக் கேட்டுப் பயனில்லை, ஏற்றத்தைக் கேட்க வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் சுமார் 25 கிலோமீட்டர். சமவெளியில் ஒன்றரை மணி நேரத்துப் பாடு. இங்கே அதற்குள் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர வேண்டும். முந்தல் தாண்டியதும் மலை தொடங்கிவிடுகிறது, மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆனாலும் ஏற்றம் நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்ற கணக்கில் ஒரே சீராகப் போகும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 வளைவுகளோடு ஏறும் கல்லட்டிப் பாதை மாதிரி மூச்சை முறிக்காது. பின்கேரியரில் இரண்டு பக்கமும் பை தொங்க, நாள் கணக்கில் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான மலைச்சாலையை நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. போடியில் ஏறி, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு, மறையூர், சின்னார் வழியாக உடுமலைப்பேட்டையில் இறங்குவது என் வழி.

போடிக்கு இப்போது ரயிலிலேயே போய்விடலாம். அகலப்பாதைப் பணிக்காக 2010இல் நின்ற மதுரை ரயில் 2023 ஜூனில் திரும்பி வந்தது. எனக்கென்னவோ மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக மிதித்தே வருவதுதான் பிடிக்கும். மறுநாள் மலைக்குக் கால் பழகிவிடும்.

போடி மலைமுகம் கிழக்கு பார்த்தது. சூரியன் எழுந்துவிட்டால் சாலை முழுக்க வெயில்தான். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலையின் நிழலே சாலையில் விழுந்து ஏற்றம் குளிர்ந்துவிடும், ஆனால் மேலே போய்ச் சேர இருட்டிவிடும். அதனால் விடியுமுன் கிளம்புவதே சரி. அந்த நேரத்தில் கிளம்பினால்தான் ஜீப்புகளையும் பார்க்க முடியும்.

போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் நாள்தோறும் இந்த மலைகளில் ஜீப்பில் ஏறி, சாயங்காலம் இறங்குகிறார்கள். மடியில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு, ஒரு ஜீப்புக்குள் எத்தனை பேர் என்று எண்ணவே முடியாது. ஒரு வளைவில் தண்ணீர் குடிக்க நின்றிருந்தேன். பின்னால் வந்த ஜீப் வேகம் குறைந்தது. “எப்பா, இம்புட்டு மூட்டையோட எங்க மெதிச்சுப் போற? சைக்கிள மேல கட்டிருவோம், ஏறிக்க” என்றார் ஓர் அம்மா. “இல்லக்கா, மெதுவா வந்துர்றேன்” என்றேன். “வெயிலுக்கு முந்தி மேட்டுக்குப் போயிருப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். நாள் முழுக்க அந்த வேலை, அதற்கு முன்னும் பின்னும் இந்த ஜீப் பயணம். இந்தச் சாலையை உண்மையில் பயன்படுத்துகிறவர்கள் அவர்கள்தான். ஜீப் ஹாரன் கேட்டால் மண் ஓரத்தில் இறங்கி வழிவிடுவது என் வழக்கம். அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், நான் ஊர் பார்க்கப் போகிறேன்.

வளைவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கொண்டை ஊசியும் ஒன்றுபோல் இருக்காது. நாம் இடதுபுறம் போகிறவர்கள். சாலை இடப்பக்கம் திரும்பினால் நமக்குக் கிடைப்பது வளைவின் உட்புறம். அங்கே சாலை சட்டென்று செங்குத்தாகும், முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். அதற்கு முன்பே கடைசி கியருக்கு வந்து, உடம்பை ஹேண்டில் பக்கம் சாய்த்துக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் திரும்பினால் வெளிப்புறம் நமக்கு. அங்கே ஏற்றம் தளர்ந்து கிட்டத்தட்ட சமமாகிவிடும், நாலு மிதி இளைப்பாறலாம். அடுத்தடுத்த வளைவு பெரும்பாலும் எதிர்த்திசை என்பதால், ஒரு சோதனைக்கு ஒரு சலுகை வந்துகொண்டே இருக்கும். காரில் எத்தனை முறை ஏறினாலும் இது தெரியாது.

கீழே மாந்தோப்பும் இலவ மரமுமாக இருந்த நிலம் மேட்டில் ஏலக்காடாக மாறிவிடுகிறது. தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்த்தும் நாளாக இருந்தால், கட்டடம் தெரிவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். பிறகு பூப்பாறைக்கு இறக்கம். பாடுபட்டு ஏறிய உயரத்தில் ஒரு பகுதியை அங்கே விட்டுவிட்டு, ஆனையிறங்கல் அணையைத் தாண்டி மறுபடி ஏற வேண்டும். ஆனையிறங்கல் என்பது பெயருக்கு வைத்த பெயரல்ல. 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் இந்தச் சின்னக்கானல் காட்டு யானைதான். மே மாதம் அது கம்பம் நகரத்துக்குள் வந்ததைத் தேனிக்காரர்கள் மறக்கவில்லை. இந்தப் பகுதியை விடிந்த பிறகு, கடைக்காரரிடமோ வன ஊழியரிடமோ கேட்டுக்கொண்டுதான் கடக்கிறேன். சைக்கிள் சத்தமில்லாமல் போகும். யானைக்கு அருகில் அது நல்லதே அல்ல.

தேவிகுளம் வரையிலான கேப் ரோட்டில் காற்று மட்டும் எதிரி. மூணாற்றில் நான் அதிகம் தங்குவதில்லை. ஆனால் அந்த ஊர் ஒரு காலத்தில் போடியைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தது என்பதை மிதித்து வந்தவனால் உணர முடியும். மூணாற்றுத் தேயிலை குண்டளை பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடி வந்தது. 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. தோட்டங்களில் உழைத்தவர்களும் பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்து போனவர்கள். மறையூர் சாலையில் ராஜமலைக்குப் பிரியும் இடம் வரும். உள்ளே, பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து தொழிலாளர் குடியிருப்பு லயங்களைப் புதைத்ததில் 70 பேர் போனார்கள். பலரின் பூர்வீகம் கயத்தாறு. வரையாடு பார்க்கப் பேருந்துகள் வரிசையில் நிற்கும் அந்தப் பிரிவில், அவர்களை நினைக்காமல் என்னால் போக முடிவதில்லை.

அதன் பிறகு வருவதுதான் இந்த வழியின் பெரிய பரிசு. ஆனைமுடி 2,695 மீட்டர், இமயத்துக்குத் தெற்கே அதைவிட உயரமான சிகரம் கிடையாது. தென்மேற்குப் பருவமேகம் இந்தத் தொடரின் மேற்கு முகத்திலேயே பெய்து தீர்த்துவிடும். மூணாற்றில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சின்னாரில் அது 500 அளவுக்குக் குறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே அரைநாள் இறக்கம்தான். வாகுவரை, தலையாறு, லக்கம் அருவி வரை ஈரம் கூடவே வரும். பிறகு தேயிலை முடிந்து, மழைச்சட்டையைக் கழற்றி மடித்து வைக்கும் இடமும் வரும். மறையூரில் சாலையோரமே சந்தன மரங்கள். அதையும் தாண்டினால் முள்ளும் கள்ளியும்.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து, டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். நடுவில் நிறுத்தி ரிம்மை ஆறவிட வேண்டும். அப்படி நிறுத்த மறையூரில் கரும்பு ஆலைகள் இருக்கின்றன. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓலைக் கொட்டகைக்குள் சக்கையை அடுப்பில் தள்ளிக்கொண்டே இருக்கிறார் ஒருவர். கொப்பரையில் பாகு பொங்கிப் பொங்கி அடங்குகிறது. பதம் வந்ததும் மரத்தொட்டியில் கவிழ்த்து, துடுப்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உருட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஒவ்வோர் உருண்டையிலும் விரல் தடம் பதிந்திருக்கும். ஆறாத உருண்டை ஒன்றைக் கடித்தால் தித்திப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். மிதிக்கிறவனுக்கு அதைவிட நல்ல தீனி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன்.

இங்கே ஓர் இரவு தங்குவதை வற்புறுத்திச் சொல்வேன். மேட்டில் முனியறைகள் எனும் பெருங்கற்கால ஈமக் கல்லறைகள் இருக்கின்றன, பார்க்க அவகாசம் கிடைக்கும். மாலையில் சின்னார் காட்டுக்குள் சைக்கிளில் நுழைவதும் தவிரும். காலையில் போனால் மரக்கிளையில் நரை அணிலைப் பார்க்க வாய்ப்புண்டு. எல்லைப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. வெயில் சுரீரென்று ஏறும், தண்ணீர் இரண்டு பாட்டிலாவது வேண்டும்.

அமராவதி அணையிலிருந்து உடுமலைக்குச் சாலை வடக்கே போகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளும், பக்கவாட்டுப் பைகள் பாய்போல் அதை வாங்கிக்கொள்ளும். அதனால் ஜனவரி, பிப்ரவரிதான் என் பரிந்துரை. அப்போது போடி மலையில் வடகிழக்கு மழையும் ஓய்ந்திருக்கும். உடுமலைப் பக்கமிருந்து ஏற நினைக்கிறவர்கள் முதல் நாளே அமராவதி நகரில் தங்கி, விடியலில் ஒன்பதாறு சோதனைச்சாவடி திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்பலாம். மறையூர் வரை நிழல் கம்மி, வழியில் கடையும் கம்மி. எதிர்ப்பக்கத்தில் இறங்கி வருகிறவரிடம் வெல்லம் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள், கொடுப்பார்.